நத்தையின் பெயரை அறிதல்: ஒத்த தோற்றமுள்ள நன்னீர் நத்தைகளை டீ.என்.ஏ. பரிசோதனையால் வேறுபடுத்தும் முறை

(வட்டகொடையில் நடைபெற்ற கமக்காரர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் நிகழ்த்திய உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் நன்னீர் நத்தை. உருளைக்கிழங்கு, கோவா, லீக்ஸ், நெல் என எத்தனையோ பயிர்கள் இருக்க, நத்தையைப் பற்றிப் பேசவா இத்தனை பேரை அழைத்தார் எனச் சிலர் எண்ணக்கூடும். வயலிலோ வாய்க்காலிலோ ஒரு நத்தையைக் கண்டவுடன் நாம் செய்யும் முதற் காரியம் சரியாவதும் பிழையாவதும், அந்நத்தையின் பெயரைச் சரியாக அறிவதிலேயே தங்கியிருக்கின்றது. அதனாலேயே இப்பொருளைத் தெரிந்தெடுத்தேன்.

பயிரைத் தின்னாத நத்தையைப் பயிர் தின்னும் நத்தை எனக் கொள்வோமாயின், வீண் செலவு செய்து நஞ்சை வாங்கி நீரிற் கலப்போம். பயிர் தின்னும் நத்தையைத் தின்னாதது எனக் கொண்டு வாளாவிருப்போமாயின், நட்ட நாற்று சில நாட்களில் அடியோடு அறுபட்டுப் போகும். வட்டகொடையில் ஊறும் நீர் இங்கேயே நின்றுவிடுவதில்லை. நமது ஓடைகள் கொத்மலை ஓயாவிற் சேருகின்றன. அது மகாவலி கங்கையை அடைகின்றது. மகாவலியின் நீரில் ஒரு பகுதி பொல்கொல்லையிலிருந்து திருப்பப்பட்டு வறண்ட பிரதேசத்து வயல்களுக்குப் பாய்கின்றது. மேலே இருக்கும் நாம் ஓடையில் இடுவது நஞ்சாயினும் நத்தை முட்டையாயினும், கீழேயுள்ள கமக்காரனின் வயலை அது சென்றடையக்கூடும். ஆதலால் மலைநாட்டுக் கமக்காரருக்கு இவ்விடயத்திற் பொறுப்பு அதிகம்.

ஆசிய நாடுகளில் நிகழ்ந்தது

தென் அமெரிக்காவின் ஆறுகளிலும் சதுப்பு நிலங்களிலும் வாழும் ஒருவகைப் பெரிய நத்தைகளுக்கு அப்பிள் நத்தைகள் என்று பெயர். உருண்டு திரண்ட வடிவத்தால் அப்பெயர் வந்தது. விஞ்ஞானிகள் அவற்றைப் பொமேசியா என்னும் சாதியில் அடக்குவர். 1979 ஆம் ஆண்டுக்கும் 1981 ஆம் ஆண்டுக்கும் இடையில் இவை உணவுக்கென ஆர்ஜென்டீனாவிலிருந்து தாய்வானுக்குக் கொண்டுவரப்பட்டன. வளர்த்து விற்றாற் பெரும் இலாபம் கிடைக்கும் என்று பலர் நம்பினர். மக்களோ அதன் சுவையை விரும்பவில்லை. விற்பனை விழுந்தபோது வளர்ப்புத் தொட்டிகள் கைவிடப்பட்டன. நத்தைகள் வாய்க்கால்களை அடைந்தன. 1980களில் அவை பிலிப்பைன்சு, யப்பான் ஆகிய நாடுகளின் வயல்களிலும், பின்னர் தாய்லாந்து, வியட்நாம், இந்தோனேசியா, மலேசியா ஆகிய நாடுகளிலும் பரவின.

அவற்றின் தீமை இளம் நாற்றிலேயே தெரியும். நாற்று நட்டு முதற் பதினைந்து நாட்களுக்குள்ளும், நேரடியாக விதைத்த வயலில் முதல் நான்கு வாரங்களுக்குள்ளும், நத்தை தண்டை அடியில் அறுத்துத் தின்றுவிடும். இரவில் மேய்ந்து பகலில் மறைந்திருப்பதால், காலையில் வயலுக்குச் செல்பவர் வெற்றிடங்களையும் மிதக்கும் இலைத் துண்டுகளையும் மாத்திரமே காண்பார். வயல் காய்ந்தால் இந்நத்தை வாயை மூடிக்கொண்டு சேற்றுள் ஆறு மாதம் வரையிற் கிடந்து, நீர் வந்ததும் மீண்டும் எழுந்து நடமாடும். கங்குன், சேம்பு முதலிய நீரோரப் பயிர்களும் இதற்குத் தப்புவதில்லை.

பிலிப்பைன்சு நாட்டில் கமக்காரர் பதறிப்போய் வெள்ளீயச் சேர்க்கையுள்ள நஞ்சுகளையும் வேறு கொடிய மருந்துகளையும் வயல்களில் இட்டனர். நத்தையுடன் மீனும் இறந்தது; வயலில் இறங்கியவர்களின் தோலும் நகமும் பழுதடைந்தன. அவ்வெள்ளீய நஞ்சுகள் பின்னர் அந்நாட்டில் தடை செய்யப்பட்டன. நத்தையோ ஒழியவில்லை.

ஒரு பெயரின் கீழ் பல இனங்கள்

இத்தனை நாடுகளிலும் பரவிய நத்தையை யாவரும் பொன்னிற அப்பிள் நத்தை என்றே அழைத்தனர். நூல்களில் அதற்குப் பற்பல விஞ்ஞானப் பெயர்கள் இடப்பட்டிருந்தன. ஓர் ஆசிரியர் ஒரு பெயரையும் மற்றோர் ஆசிரியர் வேறு பெயரையும் வழங்கினர். எல்லா இடத்திலும் ஒரே நத்தைதானா, அன்றிப் பல இனங்கள் கலந்துள்ளனவா என்பது தெளிவாகவில்லை.

இக்குழப்பத்தைத் தீர்த்தது டீ.என்.ஏ. பரிசோதனை. ஆசிய நாடுகள் பலவற்றிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் நத்தைகளைச் சேகரித்து, அவற்றின் பரம்பரைப் பொருளை ஒப்பிட்டு, 2008 ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் ஒரு முடிவை வெளியிட்டனர். ஆசியாவில் இருப்பது ஓர் இனமன்று, நான்கு இனங்கள் என்பது அம்முடிவு. அவற்றுள் பரந்து காணப்படுபவை இரண்டு: ஒன்று பொமேசியா கனலிகுலாட்டா, மற்றையது அப்போது பொமேசியா இன்சுலாரம் எனப்பட்டு, 2012 ஆம் ஆண்டின் ஆராய்ச்சிக்குப் பின் பொமேசியா மக்குலாட்டா என வழங்கப்படுவது. மூன்றாவதாகிய பொமேசியா ஸ்கலாரிஸ் தாய்வானிற் காணப்பட்டது. நான்காவதாகிய பொமேசியா டிபியூசா காணப்பட்ட நாடு எது தெரியுமா? நமது இலங்கை.

இந்த நான்காவது நத்தை அமேசன் ஆற்றுப் பிரதேசத்தைச் சேர்ந்தது. அலங்கார மீன் வர்த்தகத்தின் மூலம் கண்ணாடித் தொட்டிகளுக்கு வந்து, அங்கிருந்து வெளியேறியது. மஞ்சள் நிறத்தில் அழகாக இருப்பதால் பலர் இதை விரும்பி வளர்ப்பர். பாசியையும் அழுகிய இலைகளையும் தின்று வாழும் இது, தன் உறவினத்தைப்போல நெல்லை அழிப்பதாகப் பெயர் பெற்றதன்று. அதற்காக இதனை ஓடையில் விடலாம் என்று எவரும் பொருள்கொள்ளக் கூடாது. அந்நிய உயிரினம் ஒன்று நமது ஓடையிற் புகுந்தால், உள்ளூர் நத்தைகளின் உணவையும் இடத்தையும் பறிக்கக்கூடும்.

பெயர் மாறினாற் சட்டமும் மாறும் என்பதற்கு ஓர் உதாரணம் கூறுகின்றேன். அமெரிக்க ஐக்கிய நாட்டில் பொமேசியா நத்தைகளை ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்குக் கொண்டு செல்லுதல் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. டிபியூசாவுக்கு மாத்திரம் விலக்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றியமோ வேறு வழியைக் கைக்கொண்டது. ஸ்பெயின் நாட்டின் எப்ரோ ஆற்றுக் கழிமுகத்து நெல்வயல்களில் 2009 ஆம் ஆண்டளவில் அப்பிள் நத்தை பரவியதைக் கண்டபின், 2012 ஆம் ஆண்டில் பொமேசியாச் சாதி முழுவதையுமே தடை செய்தது. வெளித்தோற்றத்தால் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிதல் கடினமாயிருக்கும்போது, எல்லாவற்றையும் வாசலிலேயே நிறுத்துவது பாதுகாப்பான வழியாகும்.

ஓடு ஏன் நம்மை ஏமாற்றுகின்றது?

நத்தைகளைப் பண்டுதொட்டு ஓட்டின் வடிவம், நிறம், கோடு, திருகு ஆகியவற்றைக் கொண்டே பெயரிட்டு வந்தனர். கனலிகுலாட்டா என்னும் இனத்துக்கு 1822 ஆம் ஆண்டிற் பெயரிட்ட பிரான்சிய விஞ்ஞானி லமார்க்கும் ஓட்டைக் கொண்டே பெயரிட்டார். திருகுகளுக்கு இடையே வாய்க்கால்போல் ஆழ்ந்த பள்ளம் இருப்பதால் அப்பெயர் ஏற்பட்டது.

ஆனால் ஓடு என்பது நத்தை தான் வாழும் இடத்திற்கேற்பக் கட்டிக்கொள்ளும் வீடு. தேயிலைச் செடியை எண்ணிப் பாருங்கள். தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட 2025 ஆம் இலக்கத் தேயிலையின் ஒரே தாய்ச்செடியிலிருந்து வெட்டிய இரு தண்டுகளில் ஒன்றை வளமான பள்ளத்திலும், மற்றொன்றைக் காற்றடிக்கும் மேட்டிலும் நாட்டிப் பாருங்கள். சில ஆண்டுகளின் பின் இலையின் அளவிலும் நிறத்திலும் செடியின் செழிப்பிலும் வேறுபாடு தெரியும். அவை இரண்டும் ஒரே செடியின் பகுதிகள் என்பதைப் புதியவர் நம்பமாட்டார். நத்தையின் ஓடும் அவ்வாறானதே. சுண்ணாம்பு குறைந்த நீரில் ஓடு மெலிந்து, நுனி அரிக்கப்படும். உணவு குறைந்த இடத்திற் சிறுத்துப் போகும். இரும்புச் சேறு படிந்தால் நிறம் மாறும்.

இதற்கு மறுதலையானதும் உண்டு. வெவ்வேறு இனங்கள் ஒரே தோற்றத்துடன் இருக்கும். நெல்லுக்குள் களைநெல் நாற்றாக நிற்கும்போது வேறுபாடு தெரிவதில்லை. கதிர் வந்து, கூர் நீண்டு, மணி உதிரத் தொடங்கிய பின்னரே கையை உதறுகின்றோம். அதுபோலக் கனலிகுலாட்டாவும் மக்குலாட்டாவும் முற்றி வளர்ந்தபோது சிறிது வேறுபடும். மக்குலாட்டா மிகப் பெரிதாக வளரும். அதன் ஓட்டுவாயின் உட்புறம் மஞ்சளும் செம்மஞ்சளும் கலந்திருக்கும். ஆனால் குஞ்சுகளை நோக்கினால் கைதேர்ந்தவர்களும் தயங்குவர். வெளுத்ததெல்லாம் பாலாகாது என்று நம் முன்னோர் சொன்னது இங்கும் பொருந்தும்.

டீ.என்.ஏ. என்றால் என்ன?

ஒவ்வொரு உயிரின் உடலும் கண்ணுக்குத் தெரியாத சிறு கலங்களால் ஆனது. ஒவ்வொரு கலத்தினுள்ளும் நீண்ட நூல்போன்ற ஒரு பொருள் சுருண்டு கிடக்கின்றது. அதுவே டீ.என்.ஏ. அதன் இரட்டைத் திருகு வடிவம் 1953 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. தாய் தந்தையரின் குணங்கள் பிள்ளைக்கு வருவது இந்நூலின் வழியாகவே. நான்கே நான்கு எழுத்துக்களைக் கொண்டு எழுதப்பட்ட ஒரு பெரிய ஏடு என அதனை எண்ணிக்கொள்ளலாம்.

முற்காலத்தில் ஓலைச்சுவடிகளைப் பார்த்துப் பார்த்துப் படியெடுத்தனர். எழுதுபவர் எத்துணைக் கவனமாயிருந்தாலும் ஓரிரு எழுத்துப் பிழைகள் புகுந்துவிடும். அப்பிழையுள்ள சுவடியைப் பார்த்து எழுதப்பட்ட அடுத்த சுவடியிலும் அதே பிழை தொடரும். ஆகவே இரண்டு சுவடிகளில் ஒரே பிழைகள் காணப்பட்டால் அவை ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று தமிழ்ப் பதிப்பாசிரியர் முடிவு செய்வர். பிழைகள் பெரிதும் வேறுபட்டால், அச்சுவடிகள் நெடுங்காலத்துக்கு முன்னரே பிரிந்துவிட்டன என்பர். உயிர்களின் டீ.என்.ஏ.யும் தலைமுறை தலைமுறையாகப் படியெடுக்கப்படுவதே. சிற்சில எழுத்துக்கள் மாறிக்கொண்டே வரும். ஓர் இனத்தினுள் வேறுபாடு சிறிதாகவும், இனத்துக்கும் இனத்துக்கும் இடையே வேறுபாடு பெரிதாகவும் இருக்கும்.

ஏடு முழுவதையும் படிப்பது பெரும் வேலை. ஆதலால் விஞ்ஞானிகள் விலங்குகள் யாவற்றிலும் காணப்படும் ஒரு குறிப்பிட்ட பக்கத்தை மாத்திரம் படிக்கின்றனர். அது கலத்தினுள் இருக்கும் இழைமணி என்னும் உறுப்பின் டீ.என்.ஏ.யில் உள்ளது. ஏறத்தாழ 650 எழுத்துக்கள் கொண்ட இப்பகுதியை, கடைப் பொருட்களின் மேல் அச்சிடும் கோட்டுக் குறியைப்போல, இனத்தின் அடையாளமாகப் பயன்படுத்தலாம் என்று 2003 ஆம் ஆண்டிற் கனடாவைச் சேர்ந்த போல் ஹேபர்ட் என்னும் விஞ்ஞானியும் அவருடைய துணைவரும் எடுத்துரைத்தனர்.

பரிசோதனை நடைபெறும் விதம்

முதலாவதாக, நத்தையின் பாதத் தசையில் ஓர் அரிசியளவு துண்டு வெட்டி எடுக்கப்படும். ஓட்டுக்குச் சேதமில்லாது எடுத்தால் அதனைப் பின்னர் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கலாம்.

இரண்டாவதாக, அத்துண்டை நொதியத்தினாற் கரைத்து, டீ.என்.ஏ.யைப் பிரித்தெடுப்பர். நத்தையின் வழுவழுப்பான சளி இங்கு பெரிய இடையூறு. அது டீ.என்.ஏ.யுடன் ஒட்டிக்கொண்டு அடுத்த கட்டத்தைத் தடுத்துவிடும். ஆதலால் அதனை நீக்குவதற்குத் தனி முறைகள் கையாளப்படுகின்றன.

மூன்றாவதாக, வேண்டிய பகுதியை மாத்திரம் பலமுறை பெருக்குவர். இம்முறையை 1983 ஆம் ஆண்டிற் கண்டறிந்த கேரி முல்லிஸ் என்பவருக்கு 1993 ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. சூடாக்கியும் குளிரச் செய்தும் ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றை இரண்டாக்குவர். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, முப்பது சுற்று முடியும்போது ஒரு பிரதி நூறு கோடிக்கு மேலாகப் பெருகிவிடும். ஒரு நெல்மணி பல போகங்களிற் களஞ்சியத்தை நிரப்புவது போன்றது இது.

நான்காவதாக, பெருக்கிய பகுதியின் எழுத்துக்களைக் கருவி மூலம் வரிசையாகப் படித்து, உலக ஆய்வுகூடங்கள் சேர்த்துவைத்த எழுத்து வரிசைகளுடன் ஒப்பிடுவர். உதாரணமாக, 650 எழுத்துக்களில் இரண்டு மூன்று மாத்திரம் வேறுபட்டால் அது அதே இனம் எனக் கொள்ளலாம். ஐம்பது, அறுபது எழுத்துக்கள் வேறுபட்டால் அது வேறினம் என்று கருத இடமுண்டு.

எழுத்துக்களைப் படிக்காமலேயே, பெருக்கிய துண்டுகளைக் கொண்டு இனத்தைச் சொல்லும் எளிய முறைகளும் உண்டு. கனலிகுலாட்டாவையும் மக்குலாட்டாவையும் இவ்வாறு பிரித்தறியும் முறையொன்றை யப்பானிய ஆராய்ச்சியாளர் 2008 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். உயிர்கள் நீரில் உதிர்த்த சளி, கழிவு முதலியவற்றிலுள்ள டீ.என்.ஏ.யைக் கொண்டு, நீரை மாத்திரம் எடுத்து அங்கு வாழும் உயிரை அறியும் முறையும் இப்பொழுது வளர்ந்து வருகின்றது.

இம்முறைக்கும் எல்லை உண்டு

எந்தக் கருவியும் அதன் எல்லையை அறிந்து பயன்படுத்தினாற்றான் நன்மை தரும். இழைமணியின் டீ.என்.ஏ. தாயிடமிருந்து மாத்திரமே பிள்ளைக்கு வருவது. இரண்டு இனங்கள் கலந்து பிறந்த நத்தையில் இப்பகுதியை மாத்திரம் படித்தால், தாயின் இனமே தெரியும். தந்தையின் இனம் தெரியாது. இது கற்பனையான ஐயமன்று. கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவிற் கனலிகுலாட்டாவும் மக்குலாட்டாவும் தம்முட் கலந்துள்ளன என்பதை 2013 ஆம் ஆண்டில் யப்பானிய, ஆர்ஜென்டீன ஆராய்ச்சியாளர் காட்டினர். ஆகவே இப்பொழுது கலத்தின் கருவிலுள்ள டீ.என்.ஏ.யில் ஒரு பகுதியையும் சேர்த்துப் படிக்கின்றனர்.

மேலும், ஒப்பிடுவதற்கு வைத்திருக்கும் மூல வரிசைக்கே முதலிற் பிழையான பெயர் இடப்பட்டிருந்தால், முடிவும் பிழையாகும். இதனாற்றான் 2012 ஆம் ஆண்டின் ஆராய்ச்சியில் டீ.என்.ஏ.யுடன் ஓடு, உள்ளுறுப்பு, முட்டை, நூதனசாலைகளிற் பாதுகாத்த பழைய மாதிரிகள் ஆகிய யாவும் சேர்த்துப் பார்க்கப்பட்டன. கனலிகுலாட்டாவின் ஒரு முட்டைக் கொத்தில் ஏறத்தாழ 260 முட்டைகளும், மக்குலாட்டாவின் கொத்தில் அதைவிடச் சிறிய முட்டைகள் 1,500க்கும் மேலாகவும் இருப்பது அவ்வாராய்ச்சியில் தெளிவாயிற்று. கண்ணும் கருவியும் ஒன்றுக்கொன்று துணை.

மாடு வளர்ப்போர் கவனத்துக்கு

நத்தையின் பெயர் கால்நடைக்கும் முக்கியம். மாட்டின் ஈரலைத் தாக்கும் தட்டைப்புழு தன் இளம் பருவத்தைச் சில சிறு நன்னீர் நத்தைகளின் உடலிலேயே கழிக்கின்றது. எல்லா நத்தைகளும் அதற்கு இடங்கொடுப்பதில்லை. எந்த இனம் இடங்கொடுக்கின்றது என்பதை அறிந்தாற்றான் எந்த நீர்நிலையிலிருந்து மாட்டை விலக்குவது என்று அறியலாம். பொலிவியா நாட்டின் உயர்ந்த மேட்டு நிலத்தில் மனிதரிடத்தும் இந்நோய் மிகுந்து காணப்பட்டது. அங்குள்ள நத்தை உள்ளூர் இனம் எனவே கருதப்பட்டது. 1990களில் டீ.என்.ஏ. முதலிய பரம்பரைச் சோதனைகளைச் செய்தபோது, அது ஐரோப்பாவிலிருந்து வந்த கல்பா துருங்காத்துலா என்னும் நத்தை என்பது வெளியாயிற்று. நோயும் அதைத் தாங்கும் நத்தையும் வெளியிலிருந்தே வந்தவை என்பது அப்பொழுதுதான் புலனாயிற்று.

நமது பிரதேசங்களில் தேங்கிய நீரிற் காணப்படும், தட்டையாகச் சுருண்ட இந்தோபிளனோர்பிஸ் என்னும் நத்தை, மாட்டின் இரத்தத்தில் வாழும் வேறொரு புழுவுக்கு இடங்கொடுக்கின்றது. சேற்று நீரில் நின்றவர்களின் காலில் ஏற்படும் ஒருவகைச் சொறிக்கு அப்புழுவின் குஞ்சுகளும் காரணமாகும். ஆசியா முழுவதும் ஒரே இனமெனக் கருதப்பட்ட இந்நத்தையினுள், ஒன்றிலிருந்து ஒன்று வெகுவாக விலகிய பல கிளைகள் இருப்பதை அண்மைக்கால டீ.என்.ஏ. ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன.

உள்ளூர் நத்தைகளை அழித்தல் ஆகாது

எந்த நத்தையாயினும் கொன்றுவிட்டால் என்ன என்று கேட்கலாம். தாழ்நாட்டு வயல்களிலும் குளங்களிலும் பிலா என்னும் உள்ளூர் அப்பிள் நத்தை உண்டு. நத்தை குத்தி நாரைக்கு அதுவே முதன்மையான உணவு. மலைநாட்டு ஓடைகளின் கற்களைப் பற்றிக்கொண்டு பலூடோமஸ் என்னும் சாதியைச் சேர்ந்த சிறு நத்தைகள் வாழ்கின்றன. அவற்றுட் பல இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் காணப்படாதவை. அவை பாசியை மேய்ந்து வாழ்வன. நமது பயிருக்குத் தீங்கு செய்வனவல்ல. அவற்றின் மேல் நஞ்சைக் கொட்டுவோமாயின், திரும்பப் பெறமுடியாத ஒன்றை இழந்தவராவோம். தேயிலைக் குடும்பத்துச் செடிகளின் விதைப் பிண்ணாக்கும் நத்தையைக் கொல்லும். ஆனால் மீனையும் கொல்லும். இயற்கைப் பொருள் என்பதற்காக அதனை ஓடையில் இடுதல் தகாது.

கமக்காரர் செய்யவேண்டியவை

1. முட்டையைக் கவனியுங்கள். நீர்மட்டத்துக்கு மேலே, தண்டிலோ கல்லிலோ மதகுச் சுவரிலோ பளிச்சென்ற இளஞ்சிவப்பு நிறத்தில் முட்டைக் கொத்துக் காணப்படின், அது பயிர் தின்னும் இனமாக இருக்கக்கூடும், உடனே அறிவியுங்கள். வெளிறிய அல்லது இளம் பழுப்பு நிறமாயின் டிபியூசாவாக இருக்கலாம். ஈர வரப்பின் குழியில் வெண்முட்டைகள் இருப்பின் அது உள்ளூர்ப் பிலாவாகலாம். இலையின் அடியில் கண்ணாடிபோன்ற களியினுள் இருப்பவை சிறு நத்தைகளின் முட்டைகள். பொரிக்கும் தறுவாயில் இளஞ்சிவப்பு முட்டையும் வெளிறிவிடுமாதலால், நிறம் ஒன்றை மாத்திரம் நம்பி முடிவு செய்யலாகாது.

2. கோவா, சலாது முதலியவற்றைத் தின்னும் தரை நத்தையை இதனுடன் மயங்கவேண்டாம். ஓட்டின் வாயை மூடும் கதவுபோன்ற தகடு அப்பிள் நத்தைக்கு உண்டு. தோட்டத்துத் தரை நத்தைக்கு இல்லை.

3. வெறுங்கையால் தொடவேண்டாம். எலியின் நுரையீரலில் வாழும் ஒருவகைப் புழு நத்தைகளின் மூலம் மனிதரின் மூளையைத் தாக்கக்கூடும். 2006 ஆம் ஆண்டில் பீக்கிங் நகரில், சரியாக வேகாத அப்பிள் நத்தையை உண்ட 160 பேர் இவ்வாறு நோயுற்றனர். நத்தை ஊர்ந்த இலைக்கறிகளை ஓடும் நீரில் நன்கு கழுவுதல் வேண்டும்.

4. மாதிரியாக இரண்டு மூன்று நத்தைகளை மூடியுள்ள போத்தலில் இட்டு, இடம், ஓடையின் பெயர், திகதி, அருகிலிருந்த பயிர் ஆகியவற்றைத் தாளில் எழுதி வைத்து, கமநல சேவை நிலையத்துக்கோ உங்கள் விவசாயப் போதனாசிரியரிடமோ அன்றே கொண்டு வாருங்கள். அவிக்கவேண்டாம், போமலினில் இடவும் வேண்டாம். இரண்டும் டீ.என்.ஏ.யைக் கெடுத்துவிடும். பரிசோதனைக்கு அனுப்புவதற்கு 95 சதவீத எதனோல் அற்ககோலே ஏற்றது; அதனைப் பயன்படுத்துவது எங்கள் பொறுப்பு. போத்தலை வழியில் எங்கும் திறக்கவேண்டாம்.

5. மீன்தொட்டி நத்தையையும் அதன் நீரையும் ஓடையிலோ வாய்க்காலிலோ கொட்டவேண்டாம். பிள்ளைகளுக்கும் இதனைச் சொல்லிவையுங்கள்.

6. வேறிடத்திலிருந்து நாற்று, கங்குன் தண்டு, நீர்த்தாவரம், மூங்கில் முதலியவற்றைக் கொண்டுவரும்போது முட்டைக் கொத்து ஒட்டியிருக்கின்றதா எனப் பாருங்கள். உழவு யந்திரத்தின் சில்லிலுள்ள சேற்றையும் கழுவிய பின்னரே அடுத்த வயலில் இறக்குங்கள்.

பயிர் தின்னும் இனமென உறுதியானால் என்ன செய்வது? மருந்து கடைசி வழியாக இருக்கட்டும். நீர் நுழையும் மடையில் கம்பி வலையிடுங்கள். வயலின் நடுவே சிறு கான்கள் வெட்டி, நீரை வடித்தால் நத்தைகள் அங்கே கூடும். காலையிலும் மாலையிலும் பொறுக்கியெடுக்கலாம். பப்பாசி இலை, வாழையிலை முதலியவற்றைப் போட்டும் கூட்டலாம். முட்டையிடுவதற்கு வசதியாகத் தடிகளை ஊன்றி, முட்டைக் கொத்துக்களை வாரந்தோறும் சுரண்டி நசுக்குங்கள். பொரிப்பதற்கு ஓரிரு வாரங்கள் ஆகுமாதலால் வாரம் ஒருமுறை செய்தாற் போதும். இருபத்தைந்து முதல் முப்பது நாள் வயதுள்ள முற்றிய நாற்றை நட்டு, முதல் இரண்டு வாரம் நீரை இரண்டு சென்றிமீற்றருக்கு மேற்படாது வைத்திருங்கள். நிலம் பண்படுத்தும் காலத்திலும், பயிர் வேரூன்றி வளர்ந்த பின்னரும் வயலில் வாத்துக்களை விடலாம். ஒருவர் மாத்திரம் செய்து பயனில்லை. ஒரே வாய்க்காலில் நீர் பெறும் அனைவரும் ஒரே காலத்திற் செய்தல் வேண்டும்.

மலைநாட்டுக் குளிர் நம்மைக் காக்கும் என்று எவரும் எண்ணியிருத்தலும் ஆகாது. யப்பானின் தென்பகுதியில் இந்நத்தை குளிர்காலத்தைச் சேற்றினுள் கழித்து, வெயில் வந்ததும் வெளிவருகின்றது.

சகோதரர்களே, ஆய்வுகூடம் ஓடைக்கு வரமுடியாது. அரிசியளவு தசையைக் கொண்டு பெயர் சொல்லும் விஞ்ஞானிக்கும், அந்த நத்தையை முதலிற் காணும் கண் தேவை. அக்கண் நாள்தோறும் வாய்க்காலோரம் நடக்கும் உங்களுடையதே. ஐயமான நத்தையைக் கண்டால் நஞ்சுப் போத்தலைத் தேடுமுன் வெறும் போத்தலைத் தேடுங்கள். பெயர் தெரிந்தபின் செய்யவேண்டியதை நாம் யாவரும் சேர்ந்து செய்வோம்.